மலையைப் பார்த்து வைத்த டம்ளர்

எழுபத்தைந்தாம் வருஷம் கார்த்திகையில் சடையனுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. நாற்பது நாள் வெளிச்சம் படக்கூடாது என்று சொல்லி, நெற்றியிலிருந்து தொங்குகிற மாதிரி ஒரு பச்சைத் துணியும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் கிடக்கிற ஆள் இல்லை அவர். செங்கம் ரோட்டில் அவர் சம்சாரம் உண்ணாமலை நடத்திவந்த டீக்கடைக்கு வந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ரோட்டில் போகிறவர் வருகிறவரைக் குரலை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்.

அந்த மாதம்தான் ஜியாவுல்லா கடைக்கு வர ஆரம்பித்தார். காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர். ஒல்லியான ஆள், முப்பத்தைந்து வயசு இருக்கும். காலையில் எட்டரைக்கு சைக்கிளை நிறுத்துவார். பலகை மேல் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டை ஒரு சாண் தள்ளி வைப்பார். அப்புறம்தான் பெஞ்சில் உட்காருவார்.

உண்ணாமலைக்கு எரிச்சலாக வந்தது. அவர் போனதும் தட்டைப் பழைய இடத்துக்கே இழுத்து வைப்பாள். மறுநாள் அவர் மறுபடி தள்ளுவார். படித்தவர் ஆச்சே, வாயைத் திறந்து கேட்கவும் முடியவில்லை. பத்து நாள் இப்படியே போயிற்று. ஒரு நாள் காலேஜ் லீவு, அவர் வரவில்லை.

"இன்னாமே இது, இன்னைக்கு மட்டும் கண்ணு இப்டி கூசுது?" என்றார் சடையன்.

உண்ணாமலை சடையன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். கிழக்கு வெயில் தட்டில் பட்டுத் துணிக்கு அடியால் புகுந்து நேராகக் கண்ணில் அடித்தது. மறுநாள் அவளே தட்டை ஒரு சாண் தள்ளி வைத்தாள். ஜியாவுல்லா வந்தார், பார்த்தார், உட்கார்ந்தார். அன்றையிலிருந்து அவருக்கு மட்டும் டீயில் பால் கொஞ்சம் ஜாஸ்தி.

கீழ்பென்னாத்தூரில் பிறந்து, ஐந்தாவது வரைக்கும் படித்து, பதினேழு வயசில் இந்த ஊருக்கு வாழ வந்தவள் அவள். காலையில் அடுப்பு பற்ற வைக்கிறதுக்கு முன்னால் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தீப்பெட்டியைத் தொடுவாள். கடை ரோட்டுக்குத் தெற்கே இருந்தது. கடையிலிருந்து தலையைத் தூக்கினால் வடக்கே மலை. அது போதும் அவளுக்கு.

டம்ளர் விஷயம் அந்த மார்கழியில் ஆரம்பித்தது. "அக்கா, கண்ணாடி கிளாஸ் வேணாங்க. எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு இருக்குங்களா?" என்று கேட்டார் ஜியாவுல்லா.

கடைக்கு வைத்திருந்ததெல்லாம் நசுங்கினவை. அதனால் வீட்டிலிருந்து தன் கல்யாணச் சீர் டம்ளரைக் கொண்டுவந்தாள். அழகான உருண்டை, வாயகலமாக இருக்கும். பக்கத்தில் உண்ணாமலை என்று பேர் வெட்டியிருந்தது. அவள் பேர் மட்டும் என்றால் பரவாயில்லை. அது கோயிலில் இருக்கிற அம்மன் பேரும்கூட. அதனால் அந்த டம்ளரை எங்கே வைத்தாலும் பேர் மலையைப் பார்த்த மாதிரிதான் வைப்பாள். முதல் நாள் ஜியாவுல்லா தெரியாமல் டம்ளரைத் திருப்பப் போனார்.

"திருப்பாதீங்க சார். அம்மன் பேரு. மலைக்கு முதுகு காட்டக்கூடாது."

"மன்னிச்சுக்குங்கக்கா," என்று கையை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் மூன்று வருஷம் அந்த டம்ளரை அவர் திருப்பவே இல்லை. பிஸ்மில்லா சொல்லித் தூக்கிக் குடிப்பார். எந்தப் பக்கம் பேர் இருந்ததோ அந்தப் பக்கமே பார்த்துக் கீழே வைப்பார்.

அவர் அதில் என்னத்தைப் பார்க்கிறார் என்று உண்ணாமலைக்கு ரொம்ப நாள் புரியவில்லை. டீயை வைத்தால் உடனே குடிக்கமாட்டார். குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு சின்ன நோட்டில் வரைவார். ஆடை படிந்து டீ ஆறிப்போகும்.

"ஈ விழுந்திருக்கா சார்?" என்று ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"இல்லக்கா. இங்க வந்து பாருங்க."

டீயின் மேல் வெளிச்சத்தில் ஒரு கோடு. டம்ளரின் ஒரு ஓரத்திலிருந்து ஒன்று, மறு ஓரத்திலிருந்து ஒன்று என்று இரண்டு வளைவுகள் வந்து, நடுவில் ஒரு கூர்முனையாகச் சேர்ந்திருந்தன. வெற்றிலையைக் காம்புப் பக்கமாகப் பார்த்த மாதிரி. இத்தனை வருஷம் டீ ஆற்றுகிற அவள் அதைப் பார்த்ததுண்டு, பார்த்தோம் என்று நினைத்ததில்லை.

"இதை யாரு வரைஞ்சாங்க?" என்றார் அவர்.

"வெயில்தான்."

"வெயில் நேராத்தானக்கா போகும்? அதுக்கு வளையத் தெரியாதே. தீபத்தன்னிக்கு மாட வீதியில ஜனங்க வராங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வழியில நேரா நடக்கறாங்க. ஆனா மூலையில திரும்பறப்ப எல்லாரும் ஒருத்தர்மேல ஒருத்தர் நெருங்கறாங்க பாருங்க, மேல மாடியிலேருந்து பாத்தா அந்த நெருக்கமே ஒரு கரை கட்டின மாதிரி தெரியும். அப்படித்தான் இதுவும். டம்ளர் சுவத்துல பட்டுத் திரும்பற வெளிச்சமெல்லாம் நெருங்கற இடம் இந்தக் கோடு. இங்கிலீஷ்ல இதுக்கு வெச்ச பேருக்கு எரிக்கிற கோடுன்னு அர்த்தம்."

"எரிக்குமா?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது. இந்தக் கோட்டு மேல வெளிச்சத்துக்கு அளவே இல்லன்னு விடை வருது."

உண்ணாமலை கொஞ்சம் யோசித்தாள். "அளவே இல்லன்னா டீ கொதிக்கணுமே சார். இங்க ஆறிப்போய்க் கிடக்குது."

ஜியாவுல்லா வாய்விட்டுச் சிரித்தார். "அதேதான். பெரிய பெரிய ஆளுங்க முட்டிக்கிட்டு நின்ன இடம் அது. வெளிச்சத்தை நூல் மாதிரி நெனச்சுப் போட்டா அளவில்லாம போயிடுது. அது நூல் இல்ல, குளத்துத் தண்ணி மாதிரி அலைன்னு வெச்சுக்கிட்டாத்தான் விடை ஒரு அளவுக்குள்ள வரும். நூல் கணக்கு எங்க ஒடையுதோ அங்க போயி உக்காந்துக்கறதுதான் என் வேலை."

அளவு தெரியாத ஜோதி என்றால் உண்ணாமலைக்கு வடக்கே பார்க்கத்தான் தெரியும். பார்த்துக்கொண்டாள். அவரிடம் அதைச் சொல்லவில்லை. பாயை எதற்குச் சங்கடப்படுத்துவது என்று இருந்துவிட்டாள்.

அவர் அங்கே வந்து உட்கார்ந்ததற்கும் காரணம் இருந்தது. அவர் குடியிருந்தது ஊருக்குள் நெருக்கமான தெரு. அங்கே உச்சிவெயில்தான் இறங்கும், காலை வெயில் எட்டிப் பார்க்காது. அவர் வீட்டம்மா சாயிரா பானு ஒரு தடவை கடைக்கு வந்தபோது சொன்னாள், "வீட்டுலயும் டம்ளரை வெச்சுக்கிட்டு இதேதான் அக்கா. பிள்ளைங்களுக்குத் தண்ணி குடிக்க டம்ளர் இருக்காது."

மெட்ராஸில் ஒரு பெரிய பேராசிரியரிடம் பதிவு செய்துகொண்டு, ஜியாவுல்லா டாக்டர் பட்டத்துக்காக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஏழு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை கெடு நீட்டியாயிற்று. எழுபத்தொன்பது பங்குனிக்குள் கொடுக்காவிட்டால் பதிவே போய்விடும். தம்பி படிப்பு, தங்கை கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் விடியற்காலைத் தொழுகை முடித்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதி எழுதிச் சேர்த்தது. போனால் இன்னொரு தடவை ஆரம்பிக்க மாட்டார். அது அவர் முகத்திலேயே தெரியும்.

சிக்கல் என்னவென்றால், டீயில் தெரிந்த பெரிய கூர்முனையைத் தவிர, பக்கத்தில் மிளகாய் விதை அளவுக்குச் சின்னச் சின்ன முனைகள் தெரிந்தன. உருண்டையான பாத்திரத்துக்குக் கணக்குப் போட்டால் அவை வரவே கூடாது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் வரும். மாசியில் மங்கும். வெயில் வடக்கே ஏறஏறக் காணாமல் போகும். ஆனி மாதம் முழுக்க ஒன்றும் இருக்காது. மறுபடி மார்கழி பிறந்தால் அதே இடத்தில் அப்படியே வந்து நிற்கும். அதனால் அது சூரியன் தெற்கும் வடக்குமாகப் போகிறதில் இருக்கிற ஏதோ சூட்சுமம் என்று அவர் முடிவு கட்டினார். அறுபது பக்கத்தில் ஒரு அத்தியாயமே எழுதினார். போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து டீயைப் படம்கூட எடுத்தார்.

"நம்ம கல்யாணத்துக்கே போட்டோ எடுக்கல," என்றார் சடையன். "டீக்கு எடுக்கறாங்க. அதுக்கு எங்கியாவது பொண்ணு பாத்திருக்காங்களா பாய்?"

"இன்னும் ஜாதகம் பொருந்தல அண்ணே," என்றார் ஜியாவுல்லா.

எழுபத்தொன்பதில் தை பிறந்ததும் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. அவர் அதைக் கடையில் வைத்துத்தான் பிரித்தார். படித்துவிட்டு மடித்தார். மறுபடி பிரித்தார்.

"இன்னா சார், வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றாள் உண்ணாமலை.

"வீட்டுக் கடுதாசி இல்லக்கா. அந்தச் சின்ன முனைகளுக்கு நான் எழுதின காரணம் நிக்காதாம். உருண்டைப் பாத்திரத்துல சூரியன் எங்க நின்னாலும் நடு முனை ஒண்ணுதான் வரும், உம்ம கணக்கு தப்பு, இல்ல உம்ம கண்ணு தப்புன்னு எழுதியிருக்காரு. பங்குனிக்குள்ள ரெண்டுல எதுன்னு சொல்லணும்."

சடையன் பச்சைத் துணி கட்டின காலத்தை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "கண்ணு தப்புன்னு சொல்றது சுளுவு," என்றார்.

ஒரு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. உண்ணாமலை அம்மனைப் பார்த்துவிட்டு வரக் கோயிலுக்குப் போயிருந்தாள். கடையைச் சடையன் பார்த்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு அப்புறமும் அவருக்குத் தூரத்துப் பார்வைதான் தேறியது. பக்கத்தில் எழுத்து தெரியாது. அவர் டீயை ஆற்றிச் சீர் டம்ளரில் ஊற்றிக் கைக்கு வந்தபடி வைத்தார்.

உண்ணாமலை குங்குமப் பொட்டலத்தோடு கடைக்குள் நுழைந்தவள் முதலில் பார்த்தது அந்த டம்ளரைத்தான். பேர் மேற்கே, எச்சில் கிளாஸ் கழுவுகிற தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா இப்டி வெச்சிருக்கே? அம்மன் பேரு, வெள்ளிக்கெழமையும் அதுவுமா, தொட்டியைப் பாத்து."

"எனக்குத் தெரிஞ்சா வெக்க மாட்டேனா? அம்மனுக்கு என் கண்ணு கதை தெரியும்."

அவள் கையை நீட்டினாள். "அக்கா, தொடாதீங்க," என்றார் ஜியாவுல்லா. இத்தனை நாளில் அவர் அவளை அப்படிக் குறுக்கே மறித்துப் பேசியதே இல்லை.

அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன முனைகள் இருந்தன. ஆனால் இந்தப் பக்கம் இருக்க வேண்டியவை அந்தப் பக்கம் இருந்தன. சூரியன் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. டீ அதே டீ.

"இதை எப்பவும் மலையைப் பாத்துத்தான் வைப்பீங்க," என்றார் மெதுவாக.

"ஆமா."

"ஒரு நாளும் மாத்தி வெச்சதில்ல."

"சாமி சத்தியமா இல்ல சார்."

அவர் டம்ளரைப் பார்த்தபடியே கேட்டார். "மாத்தி வெச்சா மாறுது. அப்ப கோளாறு வானத்துல இல்ல, டம்ளர்ல. டம்ளர்ல இன்னாக்கா இருக்கு? உருண்டையாத்தானே இருக்கு?"

உண்ணாமலைக்கு இதில் என்ன கேள்வி இருக்கிறது என்றே தெரியவில்லை. "பேரு வெட்டின எடம் சார். உள்ள விரலை விட்டுத் தடவிப் பாருங்க. கீழ்பென்னாத்தூர்ல பாத்திரக்கடைக்காரரு உளி வெச்சுத் தட்டித் தட்டி வெட்டினது. வெளிய பள்ளம்னா உள்ள மேடு. நான் தினம் சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன், எனக்குக் கைக்குத் தெரியும்."

அவர் டீயைக் கீழே கொட்டிவிட்டு விரலை விட்டுத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். அவர் வீட்டுப் பாத்திரங்களில் பேர் அடியில் இருந்தது, அதுவும் மிஷினால் கீறினது. பேர் என்றால் மேலே கீறுகிறது என்றுதான் நினைத்திருந்தார். மார்கழி வெயில் தென்கிழக்கே இருந்து வரும்போது வடக்குச் சுவரின் அந்த மேட்டில் படும். ஆனியில் வெயிலே வடகிழக்கே போய்விடும், அந்தச் சுவரில் படாது. மூன்று வருஷமும் அறுபது பக்கமும் அவ்வளவுதான். எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பக்தி என்று நினைத்து ஒரு காரியத்தை விடாமல் செய்தோமே, அது ஒரு மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதே என்று உண்ணாமலைக்கு இருந்தது. அவர் ஒரு தடவை திருப்பப் பார்த்தார், நாம்தானே தடுத்தோம். சாயங்காலம் மலையைப் பார்த்துக் கும்பிட்டபோது, "உன் பேரால தானே ஆச்சு, நீயே பாத்துக்கோ," என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் அவர் வரவில்லை. நான்காம் நாள் வந்து வழக்கம் போல உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

"சார், என்னாலதான்..."

"உங்களால இல்லக்கா. நான் கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. கேக்கணும்னு தோணல."

சடையன் நடுவில் புகுந்தார். "இப்ப இன்னா செய்யப்போறீங்க பாய்? அந்த அறுவது பக்கத்தைக் கிழிச்சுட்டு மீதியைக் குடுத்துடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"டம்ளருக்குத் தெரியுமே அண்ணே." ஜியாவுல்லா சிரித்தார். அப்புறம் உண்ணாமலை பக்கம் திரும்பினார். "கிழிச்சுட்டேன்கா. ஆனா அந்த எடத்துல வேற எழுதப்போறேன். உருண்டைப் பாத்திரத்துல ஒரு சின்ன மேடு விழுந்தா வெளிச்சக் கோடு இன்னா ஆகும்னு. அதுக்கு ஒரு உதவி வேணும். உங்ககிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு."

"கேளுங்க."

"டம்ளரைத் திருப்பணும். தினம் கொஞ்சம் கொஞ்சமா. ஒரு எடத்துக்கு ஒரு காலை. ஒரு முழுச் சுத்து வரணும்."

உண்ணாமலை கிளாஸ் கழுவினாள். ஒரு மாதம் அம்மன் பேர் எல்லாத் திசையையும் பார்க்க வேண்டும். தொட்டியை, செருப்பு விடுகிற இடத்தை, சைக்கிள் நிறுத்துகிற இடத்தை. கழுவி முடித்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வலமாத்தான் திருப்பணும். எடமா சுத்தக்கூடாது."

"வலமா," என்றார் அவர்.

"சுவாமியோட அம்மனும் மலை சுத்தறதுதானே. சுத்தட்டும்."

மறுநாளிலிருந்து தினம் அரை விரற்கடை. திருப்புகிறது அவள்தான், அவர் டம்ளரைத் தொடவில்லை. திருப்பினதும் வடக்கே பார்த்து ஒரு கும்பிடு. அவர் நோட்டில் வரைந்துகொள்வார். பத்து நாள் ஆனதும் அவளும் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள். மேடு வெயிலுக்குள் நகரும்போது சின்ன முனைகள் திடீரென்று முளைக்கும். வெயிலை விட்டு விலகும்போது காணாமல் போகும்.

"ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குது சார். வந்தா ரெண்டா வருது, போனா ரெண்டா போவுது."

ஜியாவுல்லா பென்சிலை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதைத்தான்கா நேத்து ராத்திரி கணக்குல கண்டுபிடிச்சேன். ஒத்தையா ஒரு முனை பொறக்கவே முடியாது, சாகவும் முடியாது. ஜோடிதான்."

"அப்ப நடுவுல இருக்கற பெரிசு?"

"அது கொஞ்சம் நகரும், சாயும். போவாது. சின்ன மேடு அதை ஒண்ணும் பண்ணாது."

மாசி மாதம் ஒரு காலையில் பேர் மறுபடி மலையைப் பார்த்து வந்து நின்றது. அன்றைக்கு அவள் டம்ளருக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். ஜியாவுல்லா அதை அழியாமல் பிடித்துக் குடித்தார்.

பங்குனி கடைசி வாரத்தில், டம்ளரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினார். முன்பு எழுதின காரணம் தப்பு, அது தன் தப்பு என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாராம். நான்காம் நாள் டம்ளர் திரும்பி வந்தது.

"பேராசிரியரு இன்னா சொன்னாரு?"

"காபி ஊத்திக் குடிச்சாருக்கா. குடிக்க அரை மணி ஆச்சு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் வாங்கிக்கிட்டாரு."

"புத்தகத்துல அம்மன் பேரு வருதா?"

"இல்லக்கா. 'ஒரு பள்ளம்'னு மட்டும் எழுதியிருக்கேன்."

"மேடுன்னு இல்ல சொன்னேன்?"

"வெளிய பள்ளம்," என்றார் அவர்.

மறு வருஷம் பட்டம் வந்தது. அதனால் அவர் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அதே காலேஜ், அதே சைக்கிள். சம்பளத்தில் கொஞ்சம் ஏறியது என்று சாயிரா பானு சொன்னாள். எட்டரைக்கு வருவார், பெஞ்சில் உட்காருவார். டம்ளர் மலையைப் பார்த்து இருக்கும். ரோட்டில் போகிற யாராவது, "இன்னா பாய், டீயில இன்னா தெரியுது?" என்று கேட்டால், கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டுவார். கேட்காதவர்களிடம் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். சடையன் எண்பத்திரண்டில் போய்ச் சேர்ந்தபோது, வெயில் தலையைப் பிளக்க, சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தார். அதற்கப்புறமும் தட்டு ஒரு சாண் தள்ளியே இருந்தது. யாருக்கும் கண் கூசப் போவதில்லை. ஆனாலும் உண்ணாமலை அதைப் பழைய இடத்துக்கு இழுக்கவில்லை.

எண்பத்துநாலு ஆனியில் ஜியாவுல்லாவுக்குத் தெற்கே ஒரு ஊருக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் காலையில் டீ குடித்து முடித்தார். உண்ணாமலை டம்ளரைக் கழுவித் துடைத்து, ஒரு மஞ்சள் பையில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்க வெச்சுக்குங்க சார். எனக்கு இது கடையில சும்மாத்தான் இருக்கப்போவுது."

அவர் பையை வாங்கினார். டம்ளரை வெளியே எடுத்து, உள்ளே ஒரு தடவை விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு பலகை மேல், பேர் வடக்கே இருக்கிற மாதிரி, அவரே வைத்தார். காலி பையை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளைத் தள்ளினார். இரண்டடி போய்த் திரும்பி நின்றார்.

"இது இங்கயே இருக்கட்டும்கா. எப்பவும் போல மலையைப் பாத்தே வைங்க. மார்கழியில ஒரே ஒரு நாள் மட்டும் திருப்பி வெச்சுப் பாருங்க. வலமாத்தான்."